படுத்துக் கிடந்த பொம்மை

வியாழக்கிழமை, ராத்திரி.

இன்னைக்கு இன்ஸ்பெக்டரும் நானும் ஜெயிலுக்குப் போய் அந்தக் கொலைகாரனைப் பார்த்தோம். நாலு பேரைக் கொன்னு, ஒவ்வொரு பொணத்துக்குப் பக்கத்துலயும் விருத்தாசலம் பீங்கான் பொம்மை ஒண்ணு வெச்சவன். அவன் உள்ள இருக்கும்போதே இப்ப வேற யாரோ அதே மாதிரி ரெண்டு கொலை பண்ணியிருக்கான். இவன்கிட்டப் போய் யோசனை கேக்கறதே எனக்குப் பிடிக்கல.

பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் அவன் முன்னால வெச்சோம். ரெண்டுலயும் பொம்மை படுத்துக் கிடக்குது. அவன் நிதானமா சொன்னான்: "நான் பொம்மையை நிக்கத்தான் வெப்பேன் மேடம். படுக்க வெச்சது உங்க ஆளுங்க."

திரும்பும்போது வேப்பூர்ல டீக்கு நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் மெதுவா ஒத்துக்கிட்டாரு. "ஆமாம்மா. பழைய கேஸ்ல, அடியில இருக்கற பட்டறை முத்திரை படத்துல தெரியணும்னு நான்தான் படுக்க வெக்கச் சொன்னேன். புதுசு ரெண்டுலயும் நாம போகும்போதே படுத்துத்தான் கிடந்துச்சு."

அந்தப் பழைய படம் பேப்பர்லயும் வரல, கோர்ட்டுக்கும் போகல. எங்க ஸ்டேஷன் ஃபைல்ல மட்டும்தான் இருக்குது. டீயைப் பாதியில வெச்சிட்டுக் கிளம்பிட்டோம்.

வூட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். ஸ்டேஷன்லருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தரா மூணு பேரு போன் பண்ணாங்க. அவன் என்ன சொன்னான்னு கேட்டாங்க.

மூணு பேருகிட்டயும், அவன் வாயே திறக்கலன்னு சொல்லிட்டேன்.