ஓட்டுத் தையல்

பழங்காநத்தம், மதுரை
ஞாயிறு காலை

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஸ்காட்லாந்தில் நீயும் மாப்பிள்ளை பீமாராவும் சுகமா என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. கரு கலைந்து இருபது நாள்கூட ஆகாத பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது? போனில் பேசினால் நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எட்டுத் தடவை கேட்டுவிட்டேன். "பிரிய வேண்டிய நேரத்துல ஒழுங்காப் பிரியலம்மா" என்று வந்ததுமே அப்பா நீயும் மாப்பிள்ளையும் பிரியப் போகிறீர்கள் என்று நினைத்து, "அம்புட்டுத் தூரம் அனுப்புனது இதுக்குத்தானா" என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். குரோமோசோமைச் சொல்கிறாள் என்று விளக்குவதற்குள் குழம்பு ஆறிவிட்டது. விளக்கிய எனக்கே பாதிதான் புரிந்தது.

நான் ஜாக்கெட் தைக்கிறவள், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன், சரியா பார். குரோமோசோம் என்பது ஒரே மாதிரி வெட்டிய இரண்டு துணி, நழுவாமல் இருக்க ஓட்டுத் தையல் போட்டிருக்கிறது, அந்த நூல் ஒரு புரதம். அதை வெட்டும் கத்தரிக்கோல் இன்னொரு புரதம், அதன் வாய்க்குப் பொருந்தி அடைத்துக்கொண்டிருக்கும் உறை மூன்றாவது. எல்லாம் நேராக நின்ற பிறகுதான் உறை கழன்று, கத்தரி நூலை வெட்டி, ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். நூல் முன்பே இற்றுப்போனால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும், அந்தக் கரு தங்காது. கத்தரிக்கும் உறைக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தைத்தானே ஏழு வருஷமாக லேபில் பார்க்கிறாய், உனக்கே ஏன் இப்படி என்பது என் மண்டையில் ஏறவில்லை. அதைவிடக் குழப்புவது நீ கடைசியில் சொன்னது. பெண்ணுக்கு முட்டையெல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடும், அந்தத் தையலும் அப்போதே போட்டது, முப்பத்தெட்டு வயதிலும் அதே நூல்தான் தாங்க வேண்டும் என்றாய். தாய் வயிறு என்றால் என் வயிறுதானே? உன்னைச் சுமந்த வருஷம் சோழவந்தான் பக்கம் ஒன்பதாம் மாதம்வரை நடவுக்குப் போனேன், பல நாள் பழைய சோற்றின் நீச்சத்தண்ணிதான் சாப்பாடு. நூல் வலுவில்லாமல் போனது அப்போதுதானோ? வயதானால் தானாகவே இற்றுப்போகும் என்றும் சொன்னாய். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் யோசித்து யோசித்து, நேற்று ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் இடதுகையையே வைத்துத் தைத்துவிட்டேன்.

லீவு இருக்கும்வரை படுத்து எழு, குளிரில் லேபுக்கு ஓடாதே, வேளைக்குச் சூடாகச் சாப்பிடு. மாப்பிள்ளையும் ஆம்பிளை என்று அழாமல் இருப்பார், அவரையும் பார்த்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் நல்லா இருக்க வேண்டும். மறக்காமல் பதில் போடு, ஒரு வரி போதும். "யார் மேலயும் தப்பு இல்லம்மா" என்றாயே, அந்த யாரில் நானும் சேர்த்திதானா?

உன் அம்மா
அன்னக்கொடி