இல்லாத ஹைட்ரஜன் மேடு

3 ஜூன் 1996, பிரிக்பீல்ட்ஸ்

எக்ஸ் கதிர் வீசும் அந்த இரட்டை நட்சத்திரத்தில், துணை நட்சத்திரம் ஹைட்ரஜனை உதறும் சூடான நீல நட்சத்திரம் என்று கட்டுரை அனுப்பியாயிற்று. அகச்சிவப்பு நிறமாலையில் ஹைட்ரஜன் மேடு அவ்வளவு தெளிவு. அப்பா ஒரு நிருபரிடம் சொல்லி, பேப்பரிலும் வந்துவிட்டது. ஞாயிறன்று எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழாவாம். தன்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்களை எல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார்.

5 ஜூன்

சே! எப்படி விட்டேன்?

நம் காற்றுமண்டலத்தின் கறையை நீக்க, பக்கத்து வெள்ளை நட்சத்திரம் ஒன்றின் நிறமாலையால் வகுப்போம். அந்த வெள்ளை நட்சத்திரத்துக்கே ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் பள்ளம் உண்டு. அதை முதலில் நிரப்ப வேண்டும். நான் நிரப்பவில்லை. பள்ளத்தால் வகுத்தால் மேடு வராமல் என்ன செய்யும்? வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

நிரப்பிப் பார்த்தேன். மேட்டைக் காணோம். துணை நட்சத்திரம் எந்த வகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

6 ஜூன்

அப்பாவிடம் சொன்னேன். முகம் செத்துவிட்டது. "விழா முடியட்டும் லா, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

9 ஜூன்

பொன்னாடை போர்த்தினார்கள். சங்கத் தலைவர் கன்னையா, ரெங்கசாமியின் மகளால் நமக்கெல்லாம் பெருமை என்றார். ஒரே கைதட்டல். என்னைப் பேசச் சொன்னார்கள் — நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமே, பாவி நான்! அப்பா முன்வரிசையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

10 ஜூன்

வெட்கம். சோறு இறங்கவில்லை.

11 ஜூன்

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பேப்பர் அலுவலகத்துக்கும் நேரில் போய் மறுப்பு எழுதிக் கொடுத்தேன். நிருபர் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

15 ஜூன்

பேப்பரில் மறுப்பு வந்துவிட்டது. அப்பா தினமும் டீ குடிக்கப் போகும் தெருவோர ஒட்டுக்கடைக்குப் போகவில்லை. யாரோ போன் செய்தார்கள், எடுக்கவும் இல்லை. எல்லாம் என்னால்.

22 ஜூன்

காலையில் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றார். ஒட்டுக்கடையில் கன்னையா இருந்தார். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். என் கால் பின்வாங்கியது.

அப்பா உட்காரக்கூட இல்லை. "தப்புன்னு என் மக மொதல்லயே சொல்ல வந்துச்சு கன்னையா. நான்தான் விடல. எனக்கு அந்த விழா வேணும்னு இருந்துச்சு" என்றார்.

"இல்ல அங்கிள்," என்றேன். "அப்பா என் வாயப் பொத்தல. நான்தான் பேசல."

கன்னையா எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று கிளாஸ் தே தாரிக் டீ கொண்டுவரச் சொன்னார்.