குறட்டை விட்டுவிட்டு வந்த மதியம்

அன்புள்ள குறட்டை மன்னா,

வார்டனிடம் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று என்னோடு பேசாமல் இருக்கிறாய். இருந்துகொள்.

கடைசித் தேர்வு முடிந்த மதியம், பந்தயம் கட்டி நீ மடமடவென்று குடித்ததற்குக் கைதட்டியவர்கள், “தூங்கட்டும் விடுடா, தெளிஞ்சிடும்” என்று சினிமாவுக்குக் கிளம்பினார்கள். நானும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்த உன் குறட்டை அப்போது விட்டுவிட்டு வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒற்றைச் செருப்போடு வார்டனிடம் ஓடினேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, “யாருடா ஊத்திக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“நான்தான் சார்.”

நீ ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருக்கிறாய்; என்னை அன்றே விடுதியைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் நம் அறையில் இப்போது இரண்டு கட்டிலும் காலி. எங்கள் வீடு ரொம்ப அமைதி. எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்படிக்கு,
இனி உன்மேல் தலையணை வீசாதவன்