கடல் திருப்பித் தராத பிள்ளை

நேற்று படம் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். பெரம்பலூரில் தூறல் போட்டிருந்தது. பகலில் அரியலூர் போய் வந்தபோது வண்டி சீட்டில் படிந்த வெள்ளைத் தூசி நனைந்து, சுண்ணாம்புக்கல் மணம் எழுந்தது. உனக்கு அது கடலின் மணம். இந்த மண்ணின் மேல் ஒரு காலத்தில் கடல் கிடந்தது என்று, சுரங்கத்தில் பொறுக்கிய கல்லாகிப்போன சிப்பியைக் காட்டி எல்லோரிடமும் சொல்வாய். இந்தப் படத்துக்கு மூலமான நாவல் உனக்குப் பிடித்ததும் அதனால்தான். வற்றிப்போன கடலைத் திரும்ப அழைத்து வர ஒரு சிறுமி பூமிக்கு அடியில் இறங்குகிறாள். கடல் வருகிறது. அவள் வருவதில்லை.

நீ அரியலூர் நிருபர், நான் பெரம்பலூர். வேறு வேறு பத்திரிகை. ஆனால் பிணவறை வாசலில் பிரேதப் பரிசோதனை முடியக் காத்திருக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றுதான். வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்து நீ அந்த நாவலை உரக்கப் படிப்பாய்.

"என்னங்கய்யா, உள்ள பொணம் கெடக்குது, வெளிய கதை ஓடுதா?" என்று கேட்டார் ஒரு ஏட்டு.

"ஒக்காருங்க ஏட்டய்யா, இதுலயும் சாவு உண்டு" என்றாய்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்தமுறை பார்த்தபோது, "அந்தப் பொண்ணு என்னாச்சு சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

பிறகு உன் மகள். கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, விளையாடப் போனவள். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது உடலை மேலே கொண்டுவந்திருந்தார்கள். உன் பத்திரிகைக்கும் சேர்த்து அன்று நான்தான் செய்தி எழுதினேன். நீ ஒரே ஒரு திருத்தம் சொன்னாய்.

"வயசு ஒம்போதுன்னு போட்டுடாதய்யா. பத்து முடிஞ்சிருச்சு."

அதன்பின் நீ அந்த நாவலில் கடைசி அத்தியாயத்தை மட்டுமே படித்தாய். "அப்பன் கரையில நிக்கிறான். கடல் திருப்பித் தரல. அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல வரல பாரு, அதுக்காகத்தான்யா படிக்கிறேன்" என்றாய். அதைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று பாடாலூர் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாய்.

"அந்தப் புள்ளய எழுப்பி வுட்டுருவானுங்க, பாத்துக்க."

"எழுப்பினா என்னய்யா பண்ணுவ?"

"எந்திரிச்சு வெளிய வந்துருவேன். நீயும் வரணும்."

படம் வருவதற்குள் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய்.

குறை மட்டும் சொல்லக் கூடாது. பூமிக்கு அடியில் இருந்த ஊரை நன்றாகவே எடுத்திருந்தார்கள். கடைசியில் கடல் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பெண் நனையாமல் நடந்து வந்தாள். அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். தியேட்டர் முழுக்க விசில். நான் எழுந்தேன். "சார், மறைக்குது" என்றான் பின்னால் ஒருவன். உனக்குக் கொடுத்த வாக்கு என்று அவனிடம் எப்படிச் சொல்வது.

அந்தக் கோபம் ஆறாமல்தான் இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"படம் பாத்துட்டீங்களாண்ணே?"

கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"அந்தப் புள்ள திரும்பி வர்ற எடம் நல்லா இருக்கா? எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, அவருதான் சொல்லுவாரு. தூக்கம் வராதப்பல்லாம் அந்த எடத்தத்தான் சொல்லுவாரு. கடல்லேருந்து புள்ள எந்திரிச்சு வருது, அப்பன் துண்ட எடுத்து அதுக்குத் தலைய தொவட்டி வுடுறான்னு."

என்னிடம் நீ ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

"வருதும்மா" என்றேன்.

"தலைய தொவட்டுறானா?"

"தொவட்டுறான்மா. நல்லா தொவட்டுறான்."

"அது போதும்ணே. நான் தியேட்டருக்கெல்லாம் வரல" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

புத்தகத்தில் அந்தத் துண்டு இல்லை. படத்திலும் இல்லை. ஆனால் நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. மகள் மூழ்கிய அன்று அவர் குன்னத்தில் தாய்வீட்டில் இருந்தார். நான் குழிக்கரையில் இருந்தேன். உடலை வேனில் ஏற்றலாமா என்று கேட்டவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீ அவள் தலையைத் துவட்டினாய். காதுக்குப் பின்னாலும் துவட்டினாய், ஈரம் நின்றால் சளி பிடிக்கும் என்பதுபோல. செய்தியில் அதை நான் எழுதவில்லை. இத்தனை நாள் என்னிடமே வைத்திருந்து, இன்று உன் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.