நாற்பதாம் பக்கத்தில் நிற்கிற மகளுக்கு

பதுளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து.

அன்புள்ள மகள் றுஷ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகன் ஸப்ரானும் மெல்பேர்னில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். இப்படி எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், ஆனால் இந்த முறை அந்த வரியிலேயே பேனை நின்றுவிட்டது, நீ சுகமாக இருக்கிறாயா இல்லையா என்பதுதானே மகள் எனக்குத் தெரியாமல் இருக்கிறது. ஐந்து கிழமையாக நீ எங்களோடு சரியாகப் பேசவில்லை. கோல் எடுத்தால் "வேல வாப்பா, பொறகு எடுக்கிறேன்" என்கிறாய், மருமகனைக் கேட்டால் "ஒண்டுமில்ல மாமா, அவக்குக் கொஞ்சம் களைப்பு" என்கிறார், வாசகர் குழுவிலிருந்தும் நீ விலகிவிட்டாய். நான் என்ன பிழை செய்தேன் என்று யோசித்து யோசித்து இப்போது ஏதோ விளங்கின மாதிரியும் இருக்கிறது, ஒன்றும் விளங்காத மாதிரியும் இருக்கிறது. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கனகசபை மாஸ்டரின் மகள் பிரசாந்தினி லீவுக்கு வந்தவள் புதன்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. பத்து நாளாக மழை, வெலிமடைப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் சுற்றித்தான் வருகிறது. உம்மாவின் முழங்கால் அப்படியேதான், கண்ணில் படலம் கூடிவிட்டதாம், ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் சின்ன எழுத்து ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கடையைத் தம்பி, உன் முஹம்மது சாச்சாதான் பார்க்கிறார். நான் போய் முன்னால் நின்றால் "நானா, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்கிறார், வீட்டுக்கு வந்தால் உம்மா "சும்மா குந்தி இரிக்காம கடப்பக்கம் போயிட்டு வாங்களே" என்கிறாள், நான் எங்கேதான் போவது. அதனால்தானே நீ என்னை அந்தக் குழுவில் சேர்த்து விட்டாய்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே ஒழுங்காக வரும். கனகசபை மாஸ்டர் நடத்துகிற குழு, வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் போனில் எழுத வேண்டும், இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறேன், எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறேன், அதைப் பற்றி ஒரு வரி. நாற்பத்தி மூன்று பேர். நாற்பது வருஷம் துணிக்கடையில் நின்றவனுக்கு அங்கே என்ன வேலை சொல்லு. முதல் கிழமை நூலகத்துக்குப் போய் இருக்கிறதிலேயே தடித்த சரித்திரக் கதையாகப் பார்த்து எடுத்து வந்தேன், மரியாதையாக இருக்குமே என்று. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் நான் வாசிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் இருபது பக்கம் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் இருநூற்றி அறுபதில் நின்றேன், மாஸ்டர் பாதையில் கண்டு "என்ன ஸனூஸ், ராசா செத்திட்டாரோ" என்று கேட்டார், நான் "அல்லாட காவல், இன்னும் இல்ல மாஸ்டர்" என்றேன், அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். ராஜா முப்பதாம் பக்கத்திலேயே செத்துவிட்டானாம்.

சரி, இது என் கூத்து. இன்னொரு கூத்தும் செய்தேன், அதுதான் விஷயம். மற்றவர்கள் எழுதினால் அதற்குக் கீழே நாமும் ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது கடை வாய்தானே. ஒருவர் ஒரு துணியைக் கையில் எடுத்தால் அது என்ன நிறமாக இருந்தாலும் "நல்ல தெரிவு, ஒங்களுக்குண்டே நெய்ஞ்ச மாதிரி" என்று சொல்லுவோமே, அதே பழக்கத்தில் எல்லோருடைய புத்தகத்துக்கும் மாஷா அல்லாஹ் நல்ல தெரிவு, மாஷா அல்லாஹ் அருமையான புத்தகம் என்று போட்டுக்கொண்டே போனேன். புத்தகம் என்னவென்று பார்த்து எழுதியதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்துச் சரோஜினி டீச்சர், ஒரு வீட்டில் ஐந்து பேரை நஞ்சு வைத்துக் கொல்கிற கதை வாசிக்கிறேன் என்று எழுதியதற்கும் மாஷா அல்லாஹ் போட்டேன். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று பதில் வந்தது.

அப்படித்தான் நீ எழுதியதற்கும் போட்டேன். வயிற்றுப் பிள்ளையை இழந்த ஒரு தாய் எழுதிய புத்தகம், நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறேன், இதைத் தாண்ட முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் கீழே மாஷா அல்லாஹ் நல்ல தெரிவு மகள், சீக்கிரம் முடித்துவிட்டு வாப்பாவுக்கும் சொல்லு என்று எழுதினேன். அடுத்த வெள்ளியும் நாற்பதாம் பக்கம் என்றே எழுதினாய். என்ன மகள், கோச்சி தெமோதரை ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்கிறாயே என்று பகிடி விட்டேன், எட்டுப் பேர் சிரித்த முகம் போட்டார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது, உம்மாவிடமும் காட்டினேன். மூன்றாவது வெள்ளி நீ ஒன்றும் எழுதவில்லை, நாற்பது என்ற இலக்கம் மட்டும். நான் எழுதினேன், சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடு மகள், அளவு சரியில்லை என்றால் நம்முடைய கடையில் மாற்றிக் கொடுப்பதில்லையா என்று. கொஞ்ச நேரத்தில் நீ விலகிவிட்டதாகப் போனில் காட்டியது. தவறிப்போய் கைபட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கிழமை அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். போன கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது பிரசாந்தினி இருந்தாள். றுஷ்தாவுக்கு அந்தப் புத்தகம் எங்கேயிருந்து கிடைத்தது என்று கேட்டேன். "நான்தான் குடுத்தனான் அங்கிள், அவ கேட்டுத்தான் வாங்கினவ" என்றாள், சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டாள். அந்த வீட்டிலேயே இன்னொரு பிரதி இருந்தது, வாங்கிக்கொண்டு வந்தேன். மெல்லிய புத்தகம்தான். இந்த முறை களவு செய்யாமல் ஒன்றாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன், நாற்பதுக்கு வர எனக்கு நான்கு நாள் பிடித்தது.

நாற்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாய் பிள்ளைக்கென்று வாங்கி வைத்த சின்னச் சட்டைகளை மடித்து, வாங்கின பையிலேயே போட்டு, கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறாள். கடைக்காரன் சிரித்த முகத்தோடு கேட்கிறான், என்ன, அளவு சரியில்லையா என்று. அவள் ஆமாம், அளவு சரியில்லை என்கிறாள். அவ்வளவுதான் பக்கம். யா அல்லாஹ், மகள், அதை வாசித்ததும் புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டேன். எத்தனை பேரிடம் நான் அப்படிக் கேட்டிருப்பேன். அது கிடக்கட்டும், உன்னிடம் அல்லவா கேட்டேன், நாற்பத்தி மூன்று பேருக்கு முன்னால், அதே சொல்லால்.

இங்கேதான் எனக்கு எல்லாம் குழம்பிப் போகிறது. ஒருவர் என்ன வாசிக்கிறாரோ அதுதான் அவருடைய வீட்டில் நடக்கிறது என்று உண்டா. சரோஜினி டீச்சர் மாதம் நாலு கொலை வாசிக்கிறா, அவ வீட்டில் எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். அப்படியென்றால் நீயும் சும்மா வாசித்திருக்கலாம், நல்ல புத்தகம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியே இருக்கட்டும் என்று துஆ கேட்கிறேன். ஆனால் சும்மா வாசிக்கிறவள் ஏன் மூன்று கிழமை ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும், ஏன் கேட்டு வாங்க வேண்டும், பிரசாந்தினி ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, அப்படி ஏதும் நடந்திருந்தால் எங்களுக்குச் சொல்லாமல் இருப்பாயா என்று கோபம் வருகிறது. அடுத்த நிமிஷம், சொன்னாள்தானே, புத்தகத்தின் பேரில் மூன்று தடவை சொன்னாள், நீதானே மாஷா அல்லாஹ் போட்டாய் என்று என் மேலேயே கோபம் வருகிறது. இப்படியே ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறேன் என்று எனக்கே தெரியாது. மருமகனிடம் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

உம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவள் அழுவாள், சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், ஒன்றுமில்லை, "அந்தப் பக்கத்த வாசிங்க" என்றாள். அவளுக்குத்தான் கண் தெரியாதே, நான் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் "இன்னொருக்கா" என்றாள். வாசித்தேன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "நானும் துணியத் திருப்பி அனுப்பினேன்தானே, நீங்கதானே எடுத்தீங்க" என்று.

மகள், இதை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் உம்மாவுக்கு ஒரு பிள்ளை தங்கி ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து வந்தாள். பிள்ளைக்குத் தைப்பதற்கென்று கடையிலிருந்து மெல்லிய வெள்ளைத் துணி ஆறு யார் அளந்து எடுத்து வைத்திருந்தாள், ஒரு துண்டுகூட வெட்டியிருக்கவில்லை. அதை முஹம்மதுவின் கையில் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். நான் விரித்து அழுக்குப் பட்டிருக்கிறதா என்று பார்த்து, மடித்து மற்றத் துணிகளோடு ராக்கையில் அடுக்கி வைத்தேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னேனாம் தெரியுமா. எனக்கு ஞாபகமே இல்லை, அவள்தான் சொன்னாள். "வெட்டாம வெச்சது நல்லதாப் போச்சிண்டு சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பத்தி நாலு வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோம், இந்தச் சொல்லை அவள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தத் துணியை அதே கிழமை யாருக்கோ நான் அளந்து வெட்டிக் கொடுத்தும் இருப்பேன். நான் கெட்டவனா மகள், அல்லது விளங்காதவனா, எனக்கு விளங்கவில்லை. அழுதேன். உம்மா எழும்பிப் போய் அரிசி களைந்தாள்.

சோறு வெந்த பிறகு வந்து இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அவள் ஒரு பேர் வைத்திருந்தாளாம். ஆண் பிள்ளை என்று அவளுடைய மனதுக்குப் பட்டதாம், ஐந்து மாதமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வயிற்றைத் தடவுவாளாம். என்ன பேர் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள். "ஒங்களுக்கு இல்ல, றுஷ்தாக்குச் சொல்லுவேன்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நான் நினைத்தது பிழையென்றால், அது வெறும் புத்தகம்தான் என்றால், கிழட்டு மனுஷனுக்கு விசர் என்று சிரித்துவிட்டு இதைக் கிழித்துப் போடு, நான் சந்தோஷப்படுவேன். சரியென்றால் எனக்குப் பதில் எழுதாதே மகள், ஒன்றும் விளக்கம் சொல்லாதே, அந்த மூன்று வெள்ளிக்காக வாப்பாவை மன்னித்துவிடு, அது போதும். மருமகனையும் நன்றாகப் பார்த்துக்கொள், ஆம்பிளைக்கு அழத் தெரியாமல் இருக்கும், நான் கடையைத் திறக்க ஓடின மாதிரி அவரும் வேலைக்கு ஓடிவிடாமல் பிடித்து உட்கார வை. குளிர் காலம், காலுக்கு மேஸ் போடாமல் தரையில் நிற்காதே, கொத்தமல்லி அவித்துக் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. உம்மா மாசிச் சம்பல் ஒரு போத்தல் கொடுத்து விடுகிறாள், அந்த நாட்டு ஆட்கள் உள்ளே விடுவார்களோ தெரியாது, விடாவிட்டால் பிரசாந்தினியோடு கோபித்துக்கொள்ளாதே.

அல்லாஹ் உன் மனதுக்கு அமைதியைத் தரட்டும், உங்கள் இரண்டு பேருடைய வீட்டிலும் பரக்கத் செய்யட்டும், நீ இழந்தது ஏதும் இருந்தால் அவனிடத்தில் அது பத்திரமாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளைக்கல்ல, இந்தக் கடிதம் கிடைத்த பிறகு, எந்த நாளென்றாலும் சரி, இங்கே ளுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்குக் கோல் எடு. அங்கே அந்த நேரம் உனக்கு வேலை முடிந்திருக்கும். நான் தொழுதுவிட்டு அஸர் வரைக்கும் பள்ளிவாசலிலேயே இருக்கப் போகிறேன், ஒவ்வொரு நாளும். அந்த நேரம் வீட்டில் உம்மா மட்டும்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ஸனூஸ்