நஸீஹா கேட்ட மீன் ஆணம்

உட்லண்ட்ஸ்,
27 ஏப்ரல் 2025

அஃப்னாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். போனில் பேசினால் சலாம் சொல்லி முடிப்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் மரியாதை வருகிறது. அதனால் பிரியும்போது பேசிக்கொண்டபடி இதையும் ஈமெயிலில் எழுதுகிறேன்.

நல்ல செய்தி முதலில். கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அஃப்னாவுக்கு பார்மசி படிக்க இடம் கிடைத்துவிட்டது. காலையில் எம்ஆர்டி ரயில் ஏறினால் மாலையில் வீட்டுக்கு வந்து என்னோடு சாப்பிடலாம். எதிர்வீட்டு ரத்தினம்மா அக்கா கேட்டவுடன் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். உங்கள் மகள் மட்டும் "ஓகே மா" என்றாள். அவ்வளவுதான்.

மறுவாரம் உங்கள் பெர்த்திலிருந்து கால்நடை மருத்துவத்துக்கு இடம் வந்தது. அன்றைக்குக் கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். வகுப்புக்கு வெளியே ஆடு மேய்கிற படத்தைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். இந்த ஊரில் ஏதடி மாடு, பஃபலோ ரோட்டில் பெயரில்தானே எருமை இருக்கிறது என்று கேட்டேன். பூனை இருக்கே மா என்கிறாள். நம் பிளாக் அடியில் திரிகிற பூனைகளுக்கெல்லாம் அவள்தான் சோறு.

ஒன்று நேராகக் கேட்கிறேன். டிசம்பரில் அங்கே வந்து திரும்பியதிலிருந்து உங்கள் மனைவியை "சின்னம்மா" என்கிறாள். அதற்குமுன் ஆன்ட்டிதான். அவளுக்கென்று ஒரு அறையாம், நஸீஹா கையால் தைத்த மஞ்சள் திரைச்சீலையாம். பிள்ளையைப் படிக்கக் கூப்பிடுகிறீர்களா, வளைத்துப் போடுகிறீர்களா?

ருக்ஸானா


பெர்த்,
2 மே 2025

அன்புள்ள ருக்ஸானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் யாரையும் வளைக்கவில்லை. கால்நடை மருத்துவம் சிங்கப்பூரில் இல்லை, அதுதான் விஷயம். அது பெர்த்தில் இருப்பதற்கு நான் என்ன செய்வேன்?

பொறாமையைப் பற்றி நீ எனக்குச் சொல்லவேண்டாம். அஃப்னாவுக்குப் பல் விழுந்தது, ஆறாம் வகுப்பில் பி.எஸ்.எல்.இ. பரீட்சைக்குப் பயந்து வாந்தி எடுத்தது, முதல் நோன்பு பிடித்தது எல்லாம் உன் பங்கு. எனக்கு டிசம்பர் விடுமுறை மட்டும். அந்த டிசம்பரையும் நீ கணக்கில் வைக்கிறாயே.

நஸீஹா ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் வைத்த மீன் ஆணத்தை அஃப்னா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா வைக்கிற ஆணம் வேற மாதிரி லா" என்றாளாம். நஸீஹா இரண்டு நாள் எனக்கே முகம் கொடுக்கவில்லை. நீ எப்படி வைப்பாய் என்று எழுதினால் நல்லது.

நசீர்


உட்லண்ட்ஸ்,
6 மே 2025

அஃப்னாவின் அத்தாவுக்கு,

புருஷனை விட்டுக்கொடுத்தேன். ஆணத்தையும் கேட்கிறாளா? எழுதமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதத்துக்குள் அஃப்னா இரண்டில் ஒன்றை முடிவு செய்யவேண்டும். நான் போகாதே என்றால் காலமெல்லாம் நான்தான் அவள் கனவைக் கெடுத்தவள். நீங்கள் சொன்னால் அப்படி ஆகாது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, நஸீஹாவுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எங்களை விட்டுப் போனவர்தானே நீங்கள், இன்னொரு கெட்ட பெயர் வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஐந்து வருஷம் அங்கே இருந்தால் அவள் திரும்பமாட்டாள், நசீர். இந்த வீட்டில் நானும் டிவியும்தான் இருப்போம். உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைச் செய்யுங்கள்.

ருக்ஸானா


பெர்த்,
12 மே 2025

ருக்ஸானாவுக்கு,

நேற்று அஃப்னாவிடம் பேசினேன். "நீ இங்க தங்குனா சின்னம்மாவுக்குத் தோதுப்படாதும்மா" என்றேன். "சரி அத்தா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நீ கேட்டது நடந்துவிட்டது.

நசீர்


உட்லண்ட்ஸ்,
18 மே 2025

அஃப்னாவின் அத்தாவுக்கு,

பார்மசிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாள். நான் சந்தோஷப்பட வேண்டும். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் நல்ல தெங்கிரி மீனாகப் பார்த்து வாங்கிவந்து ஆணம் வைத்தேன். தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோனாள்.

கீழே பூனைகள் கத்துகின்றன. அவள் இறங்குவதில்லை. நான் சோறு கொண்டுபோனேன், ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்தப் பச்சை ஸ்வெட்டரை, உட்லண்ட்ஸ் வெயிலில், போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்றால் அழுவது கேட்கிறது.

வயிறு எரிகிறது, சொல்லிவிடுகிறேன். அவளை என் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்துகொண்டு உங்களுக்காக அழுகிறாள். போன வருஷம் நான் ஆபரேஷனுக்குப் போனபோதுகூட இப்படி அழவில்லை.

ருக்ஸானா


பெர்த்,
23 மே 2025

ருக்ஸானாவுக்கு,

இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். நஸீஹா வழக்கம்போல அஃப்னாவுக்கு போன் போட்டு, அறைக்கு மேசை வாங்கவேண்டும், எந்த நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அஃப்னா அழ, நஸீஹா விழிக்க, எல்லாம் வெளியே வந்துவிட்டது. நஸீஹா என்னிடம், "உங்களுக்கு நல்ல பேரு வேணும்னா என்ன எதுக்கு கெட்டவளாக்குனீங்க?" என்று கேட்டாள். நீ சொல்லித்தான் செய்தேன் என்று அஃப்னாவிடம் சொல்லிவிட்டேன். அதுவும் தப்புதான், ஆனால் தனியாக மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அஃப்னா என் போனை எடுப்பதில்லை. நஸீஹா பேசுவதில்லை. நீயாவது திட்டி எழுது.

நசீர்


உட்லண்ட்ஸ்,
1 ஜூன் 2025

அஃப்னாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திட்ட எனக்கு வாய் இல்லை. காட்டிக்கொடுத்ததற்காகத் திட்டலாம்தான், ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் கத்தவில்லை. சோபாவில் என் எதிரே உட்கார்ந்து ஒன்றுதான் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் எதுலயுமே ஒத்துப்போனதில்ல. என்கிட்ட பொய் சொல்றதுல மட்டும் ஒத்துப்போயிட்டீங்க லா."

பிறகு என் கண்முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்து பார்மசியை விட்டுவிட்டு கால்நடை மருத்துவத்தை எடுத்தாள். கடைசி நாளுக்கு முன்பே மாற்றிவிட்டாள். சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கும் வரமாட்டாளாம். ஹாஸ்டலில் அறை கேட்டிருக்கிறாள். மஞ்சள் திரைச்சீலை உங்களுக்கும், காலிக் கட்டில் எனக்கும். பாதிப் பாதி. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நமக்குச் சமமாகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. நேற்று அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஆணம் எப்படி வைக்கிறதுன்னு காட்டுங்க. ஹாஸ்டல்ல நானே ஆக்கிக்கிறேன்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று, நான் வெந்தயம் தாளிப்பதிலிருந்து இறக்குவது வரை பார்த்தாள். உப்பு அவள்தான் போட்டாள், கொஞ்சம் கூடிப்போயிற்று. அப்படியே இருவரும் சாப்பிட்டோம். சட்டி காலியாகிவிட்டது. சாயங்காலம் பூனைகளுக்கும் கொண்டுபோனாள்.

நஸீஹாவிடம் சொல்லுங்கள். அவளைக் கெட்டவளாக்கியது நான்தான். வேறு எதைக் கொடுத்து அதை ஈடுகட்டுவது என்று தெரியவில்லை, அதனால் அவள் கேட்டதை எழுதுகிறேன். தெங்கிரி கிடைக்காவிட்டால் கெட்டியான எந்த மீனும் ஆகும். வெந்தயம் கருகக்கூடாது. சின்ன வெங்காயத்தை நறுக்காமல் தட்டிப் போடவேண்டும். புளி கொஞ்சம், தக்காளி நிறைய. தேங்காய்ப்பாலை ஊற்றியபின் கொதிக்கவிடக்கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிடவேண்டும்.

இதில் ஒரு பொருளை மட்டும் நான் எழுதவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். அத்தனை பெரிய மனசு இன்னும் எனக்கு வரவில்லை. அது அஃப்னாவுக்குத் தெரியும், நேற்றுத்தான் காட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்றேன், சரி என்று தலையாட்டினாள்.

என்றாவது அவள் கோபம் தீர்ந்து உங்கள் வீட்டுக்கு வந்து, அவளே அடுப்புப் பற்றவைத்தால், நஸீஹாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அஃப்னா கற்றுக்கொடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

அஃப்னாவின் அம்மா,
ருக்ஸானா