தேவலாங்க என்று சொன்னோமே, மாமா

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கப் பரணுக்கு ஏணி வைத்துப் பழைய சாக்கை இழுத்தேன். அதற்கடியில் இருந்த உறை நேராக என் தலைமேல் விழுந்தது. திருச்சியில் எடுத்த உங்கள் ஸ்கேன் படம். உறையின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, உள்ளே படம் அப்படியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புத் தாளில் வரிசை வரிசையாக உங்கள் தலை. அன்றைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை, மாமா.

உங்கள் மகன் வெளிநாட்டில் இருந்ததால் ஜெயங்கொண்டத்து வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். எனக்கு வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். உங்களுக்கோ யார் மனசும் கோணக் கூடாது. பந்தியில் சாம்பாருக்கு உப்பே இல்லாவிட்டாலும், பரிமாறுகிறவன் கேட்டால் “நல்லாருக்குப்பா” என்பீர்கள். உப்பை நான்தான் கத்திக் கேட்பேன்.

முதலில் முந்திரிக் கொல்லையில் விழுந்தீர்கள். கால் தடுக்கினால் மனுசன் குப்புற விழுவான், நீங்கள் மல்லாக்க விழுந்தீர்கள். சுள்ளி வாரிக்கொண்டிருந்தவர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். அப்புறம் கிணற்றடியில், அப்புறம் வாசலில். உடம்பு விறைத்தது, நடை சுருங்கியது, கழுத்து நிமிர்ந்தபடியே நின்றது. முகம் எதையோ கண்டு திகைத்த மாதிரி ஆகிவிட்டது. கை மட்டும் பெரிதாக நடுங்கவில்லை. ஆனாலும் அரியலூர் டாக்டர் நடுக்குவாதம் என்றார், மாத்திரை எழுதினார். கைராசிக்காரர் என்று பேர் வாங்கினவர், நாம் யார் மறுப்பதற்கு?

மாத்திரை போட்டால் உங்களுக்குக் குமட்டும். நடை அதே நடைதான். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவோம். “எப்படிங்க இருக்கு பெரியவரே?” என்பார் டாக்டர்.

“தேவலாங்க சார்” என்பீர்கள். பின்னால் நின்று நானும், “ஆமாங்க சார், தேவலாங்க” என்பேன். அவர் அதைச் சீட்டில் எழுதுவார், மாத்திரையைக் கூட்டுவார்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க மாமா தேவல? காலைல கூட விழுந்தீங்கல்ல?”

“அவ்ளோ அக்கறையா கேக்கறாரும்மா. மருந்து கேக்கலன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? கைராசிக்காரரு, மனசு ஒடிஞ்சிருவாரு.”

ஊரையே கேள்வி கேட்கிற என் வாய் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் அடங்கியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். மருந்து கேட்கவில்லை என்று டாக்டரிடம் சொல்வது, விருந்து வைத்தவரிடம் வயிறு நிறையவில்லை என்பதுபோல. நாமும் சொல்லவில்லை. இப்படியே மூன்று வருடம் ஓடியது.

வீட்டுக்கு வந்தால் என் வாய் திறந்துகொள்ளும். சோற்றைத் தட்டுக்கு வெளியே சிந்துவீர்கள். குழம்பு வேட்டியில் ஒழுகும். கறி ஒருபக்கம் அப்படியே கிடக்கும். “தட்டைப் பாத்துச் சாப்புடுங்க மாமா. நான் ஒருத்தி எத்தனை வேட்டி தொவைக்கிறது? வேணும்னே பண்றீங்க” என்றேன். ஒருநாள் இல்லை, பல நாள். நீங்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருப்பீர்கள். அந்தப் பார்வை எனக்குத் திமிராகத் தெரிந்தது, மாமா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பின்மண்டை பிளந்து தையல் போட்ட பிறகு அரியலூர் டாக்டரே திருச்சிக்கு அனுப்பினார். ஸ்கேனுக்கு முன்னால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்ற நீங்கள் ஒப்பவில்லை. “உசுரோட இருக்கறப்ப இடுப்பு வெறுமையா இருக்கலாமா?” நான் ஓடிப்போய்க் கறுப்புக் கயிறு வாங்கிவந்து கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வெள்ளி இறங்கியது. குழாய்க்குள் உங்களைத் தள்ளினார்கள். அந்த அரைஞாணை நான் வெளியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தகரத்தைத் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை.

திருச்சி நரம்பு டாக்டர் முதலில் உங்கள் முகத்துக்கு முன் விரலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். விரல் கீழே இறங்கியது, உங்கள் கண் இறங்கவில்லை. பிறகு படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார்.

“சாதாரண நடுக்குவாதம்னா இந்தப் படத்துல பெருசா ஒண்ணும் தெரியாதும்மா. இவருக்கு நடு மூளை மெலிஞ்சிருக்கு. பக்கவாட்டுல பாருங்க, தேன்சிட்டு மாதிரி தெரியுதா? அலகு, தலை, உடம்பு. இது வேற நோவு. பாக்கறதுக்கு நடுக்குவாதம் மாதிரியே இருக்கும்.”

எனக்குச் சிட்டும் தெரியவில்லை, காக்காயும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஆனா படத்தை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நடுக்குவாதம்னா மாத்திரை நல்லா கேக்கும். இந்த நோவுக்கு அவ்வளவா கேக்காது. இவருக்கு எப்படி?”

நாம் இரண்டு பேரும் ஒரே குரலில், “தேவலாங்க சார்” என்றோம்.

அவர் படத்தைப் பார்த்தார், அரியலூர்ச் சீட்டுகளைப் பார்த்தார். “சீட்டுலயும் தேவலைன்னுதான் எழுதியிருக்கு. படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்பறது?”

“இல்லைங்க சார். ஒருநாள்கூட கேக்கல. மரியாதைக்குச் சொன்னோம்” என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லையா, பிடிக்கவில்லையா? அதுவும் எனக்குத் தெரியாது.

அப்புறம் அவர் விளக்கினார். இந்த நோவில் கண் கீழே இறங்காது, அதனால்தான் படி தெரியாமல், தரை தெரியாமல் விழுகிறார் என்றார். “தட்டுல என்ன இருக்குன்னே இவருக்குத் தெரியாதும்மா. கொஞ்சம் ஒசத்தி வச்சுக் கொடுங்க.”

திரும்புகிற பஸ்ஸில் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அரியலூர் டாக்டர் காதுக்குப் போனா என்னம்மா நெனைப்பாரு?” சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் நெல் அளக்கிற மரக்காலைக் கழுவி, மேசைமேல் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்தேன். உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தீர்கள். “முருங்கைக்கீரையா இன்னைக்கு?” என்றீர்கள். எத்தனை மாதமாக நான் போட்டதைப் பார்க்காமலே, என் ஏச்சையும் சேர்த்துத் தின்றிருக்கிறீர்கள். அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

முதல் மாதமே உண்மையைச் சொல்லியிருந்தால்? “இதுக்குன்னு தனியா மருந்து இல்லம்மா, பெருசா ஒண்ணும் மாறியிருக்காது” என்றார் திருச்சி டாக்டர். அப்படியானால் நம் பொய்யால் என்ன கெட்டது? ஒன்றும் இல்லையா? மூன்று வருடக் குமட்டலை எதில் சேர்ப்பது? தட்டைப் பாருங்கள் என்று நான் கத்தினதை எதில் சேர்ப்பது? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. மாத்திரையை மெல்லக் குறைத்தார்கள், குமட்டல் நின்றது. விழுவது நிற்கவில்லை. அப்புறம் தண்ணீர்கூடப் புரையேறத் தொடங்கி, ஒருநாள் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

படத்தை இப்போதும் ஜன்னலில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிட்டு எங்கே என்று தேடுகிறேன், அகப்படவில்லை. மரக்கால் அடுக்களையில்தான் இருக்கிறது. அதில் நெல் அளக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசி வாரம் உங்கள் காதருகே குனிந்து கேட்டேனே, நினைவிருக்கிறதா? “மாமா, நான் ஏசினதெல்லாம் மனசுல வச்சிருக்கீங்களா? இப்ப மனசு எப்படி இருக்கு?”

வார்த்தை வர நேரமானது. சுவரைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

“தேவலாம்மா.”